கடைசி வரிசையில் ஒரு கூட்டுக் கணக்கு

“எட்டு இல்லைங்க… மூணு.”

பக்கத்து நாற்காலிக்காரர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அதற்குள் வகுப்பு முழுக்கச் சிரித்து முடித்திருந்தது.

தப்பு அவளுடையதுதான். மழையில் பஸ் ஊர்ந்து ஊர்ந்து வந்து சேர, பார்சல் ஆபீசுக்கு மேலே இருந்த அந்த மாடி அறைக்கு அவள் மூச்சிரைக்க ஓடிவந்தபோது வகுப்பு ஆரம்பமாகிவிட்டது. கடைசி வரிசையில் ஒரே ஒரு நாற்காலி காலி. உட்காரக்கூட விடாமல் டீலர் மேடம் பிடித்துக்கொண்டார். பெரிய வங்கி ஒன்றின் அந்நியச் செலாவணி அறையில் காலமெல்லாம் போனில் விலை கத்திக் கத்தித் தொண்டை கரகரத்துப்போனவர். ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமைதோறும் இங்கே வந்து, டாலர், பங்கு, ஃப்யூச்சர்ஸ் என்று உலகச் சந்தையில் வாங்கி விற்கும் வித்தையைச் சொல்லிக்கொடுக்கிறார்.

“லேட்டா வந்த அம்மா… திரையைப் பாத்துச் சொல்லுங்க. ஒரு டாலர் நேத்து எத்தனை யென்ல முடிஞ்சிருக்கு?”

அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். “நூத்து நாப்பத்தெட்டு, மேடம்.”

“அடேங்கப்பா! கடைசி நிமிஷத்துல அஞ்சு யென் ஏறிடுச்சா? அப்ப உலகத்துல பாதி பேங்க் இந்நேரம் கதவைச் சாத்தியிருக்குமே!”

அதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

முகம் சுட, அவள் பக்கத்தில் திரும்பினாள். அந்த நாற்காலிக்காரன் மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்சம் கூன் போட்டுக்கொண்டு, ஏதோ அதிசயத்தைப் பார்ப்பதுபோல் அவளுடைய கண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். இமையோரம் மழைத்துளி நிற்கும் கண்களை ஒருவன் இப்படிப் பார்த்தால் ஒரு பெண் என்ன நினைப்பாள்…? அவளும் அதையேதான் நினைத்தாள். ஒரு விநாடிதான்.

“நீங்க கண்ணாடி போடணுங்க,” என்றான் அவன்.

“உங்களை யாராவது கேட்டாங்களா?”

“இல்ல… கண்ணாடிக் கடை வெச்சிருக்கேன். தொழில் பழக்கம்…”

“அப்படியா? நான் பிசியோதெரபிஸ்ட். என் தொழில் பழக்கத்துல ஒன்னு சொல்லட்டுமா? இப்படியே கூன் போட்டு உக்காந்தீங்கன்னா, நாப்பது வயசுல கழுத்துல பட்டை மாட்டிக்கிட்டு என்கிட்டதான் வருவீங்க.”

அவன் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தான். வகுப்பு முடியும்வரை, பாவம், வளையவே இல்லை. அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு நோட்டில் எதையோ கிறுக்கினாள்.

விதி என்பார்கள். ஆனால் இதைச் செய்தது டீலர் மேடம். “பக்கத்துப் பக்கத்துல இருக்கிறவங்க ரெண்டு ரெண்டு பேரா ஒரு பயிற்சிக் கணக்கு. பணம் பொய். விலை நிஜம். வாரம் முழுக்கப் போன்ல பேசி வெச்சுக்கிட்டு வாங்கி விக்கணும். சனிக்கிழமை வந்து பதில் சொல்லணும்.”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வேறு நாற்காலி இருக்கிறதா என்று சுற்றுமுற்றும் பார்த்தார்கள். இல்லை.

*

மருத்துவமனையில் அவளை எல்லோரும் ‘முட்டி டாக்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். முட்டி மாற்று அறுவை செய்துகொண்டவர்களை நடக்கவைப்பது அவள் வேலை. “இன்னும் கொஞ்சம் மடக்குங்க… வலிக்கும்… வலிக்கட்டும்… விடாதீங்க…” என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி அதுவே அவளுடைய சுபாவமாகிவிட்டது. எந்த வலியையும் பொறுத்துக்கொண்டால் சரியாகிவிடும்… அதுதான் அவள் நம்பிக்கை.

முட்டிக்குச் சரி. சந்தைக்குச் சரிப்படவில்லை.

முதல் வாரமே யூரோவை வாங்கினாள். அது இறங்கியது. பிடித்துக்கொண்டே இருந்தாள். இன்னும் இறங்கியது. “வித்துடலாங்க,” என்று அவன் போன் செய்தான். “திரும்பும்,” என்றாள். “ஸ்டாப் லாஸ் போடலையா?” என்றான். எந்த விலை வந்தால் தோற்றோம் என்று ஒப்புக்கொண்டு வெளியே வர வேண்டுமோ, அந்த எல்லையை வாங்கும்போதே குறித்துவைத்துவிட வேண்டும். வகுப்பின் முதல் பாடமே அதுதான். “போட்டேன். விலை கிட்ட வந்துச்சா… எடுத்துட்டேன்,” என்றாள்.

அவன் கதை நேர் எதிர். ஒரு செம்புக் கம்பெனியின் பங்கை வாங்கினான். கடுகளவு ஏறியதும் விற்றுவிட்டு ஓடிவந்துவிட்டான். அவன் விற்ற பிறகு அது மலையேறுவதுபோல் ஏறிக்கொண்டே போனது.

“ஏங்க, கொஞ்ச நேரம் நின்னிருக்கக் கூடாதா?” என்று அவள் போனில் பொங்கினாள்.

“கையில வந்தது போயிடுமோன்னு பயமா இருந்துச்சுங்க…”

“எது வந்தாலும் உடனே ஓடிடுவீங்களா?”

“பெரும்பாலும்,” என்றான் அவன், வெகு நேர்மையாக.

சனிக்கிழமை டீலர் மேடம் அவர்கள் கணக்கைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஒருத்தி தோக்கும்போது விடமாட்டேங்கிறா. ஒருத்தன் ஜெயிக்கும்போது நிக்கமாட்டேங்கிறான். ரெண்டு பேரையும் மிக்ஸியில போட்டு அடிச்சா ஒரு உருப்படியான டிரேடர் கிடைப்பான்!”

வகுப்பு மறுபடியும் சிரித்தது. இந்தத் தடவை அவளும் சிரித்தாள். அவனும்… சிரித்தால் அவன் இடது கன்னத்தில் ஒரு குழி விழும் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம். அன்றைக்கு மேடம் சொன்ன பாடத்தில் ஒரு வரிகூட அவள் மண்டையில் ஏறவில்லை.

*

வகுப்பு முடிந்ததும் எதிர்ச்சாரி டீக்கடை. அது எப்படி வழக்கமானது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. ஒரு நாள் மழை விடட்டும் என்று ஒதுங்கினார்கள். அடுத்த வாரம் மழை இல்லை. ஆனாலும் ஒதுங்கினார்கள்.

“நீங்க ஏன் இதைக் கத்துக்கறீங்க? கண்ணாடி விக்கிறவருக்கு யென் எதுக்கு, யூரோ எதுக்கு?” என்று அவள் கேட்டாள்.

“லென்ஸ் எல்லாம் வெளிநாட்டுலேர்ந்து வருதுங்க. டாலர்ல பில்லு. ஆர்டர் போடுறப்ப ஒரு விலை, சரக்கு வந்து இறங்குறப்ப ஒரு விலை. நடுவுல டாலர் ஏறிட்டா என் லாபம் அப்படியே ஆவி.” டீயை ஊதினான். “அதான்… மேடம் சொன்னாங்கல்ல, அடுத்த மாசம் வாங்கப்போற டாலருக்கு இன்னிக்கே விலை பேசி முடிக்கிறதுதான் ஃப்யூச்சர்ஸ்னு… அதைக் கத்துக்கிட்டா, ஒரு ஆசை இருக்கு.”

“என்ன ஆசை?”

“குழந்தைங்களுக்குன்னு ஒரு தனிப் பிரிவு. சின்னச் சின்ன ஃப்ரேம், கீழ விழுந்தாலும் உடையாத லென்ஸ். போர்டுல எழுதினது தெரியாம மக்குன்னு பேர் வாங்குற பசங்க எத்தனை பேர் தெரியுமா? கண்ணாடி போட்டுவிட்டதும் அதுங்க முகத்தைப் பாக்கணும் நீங்க…”

பேசும்போது அவன் கண்களில் ஒரு வெளிச்சம் வந்து போனது. மழைக்கு நடுவே சட்டென்று அடிக்கும் வெயில்போல. அவள் அவசரமாகத் தன் டீயைப் பார்த்தாள்.

“நீங்க எதுக்கு வந்தீங்க?” என்றான்.

“எங்க அப்பாவுக்காக.”

அவள் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அம்மா போன பிறகு தனியாகவே அவளை வளர்த்து ஆளாக்கியவர். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே பேச்சு. “முப்பது வருஷமா உலக வியாபாரத்தையே தூக்கி வெச்சவன் நான். எந்தச் சரக்கு எப்ப ஏறும், எப்ப இறங்கும்னு எனக்குத் தெரியாதா? டாலர்ல இறங்கிப் பாக்கறேனே…” அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். “நான் முதல்ல கத்துக்கிட்டு வரேன். அதுவரைக்கும் நீங்க தொடவே கூடாது.” அவரும் தலையாட்டியிருந்தார்.

“அப்பா சொன்ன பேச்சைக் கேப்பாரா?” என்று அவன் சிரித்தான்.

“எங்க அப்பா என்கிட்ட பொய்யே சொல்லமாட்டார்,” என்றாள் அவள், அவ்வளவு பெருமையோடு.

*

கடைசியில் ஒரு சனிக்கிழமை, வகுப்புக்கு முன்னால், அவன் கடைக்குப் போனாள்.

“ரொம்ப ஆடாதீங்க. தலை வலிக்குது, அதான் வந்தேன்,” என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே போனாள். அவன் வாயே திறக்கவில்லை. ஆனால் அந்தக் கன்னக்குழி சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னது.

சிறிய இருட்டறை. எதிர்ச் சுவரில் ஒளிரும் எழுத்துகள். கனமான ஒரு வட்டச் சட்டத்தை அவள் மூக்கில் மாட்டி, அவன் ஒவ்வொரு லென்சாகப் போட்டு எடுத்தான்.

“இது தெளிவா… இல்ல, இதுவா?”

“முதல்ல போட்டது.”

“இப்ப…? இது தெளிவா… இதுவா?”

“ரெண்டும் ஒன்னாத்தான் இருக்கு.”

“அவசரம் இல்ல. நிதானமாப் பாத்துச் சொல்லுங்க.”

வகுப்பில் விலையைப் பார்த்துப் பதறுகிற ஆளா இது? விரல்கள் அத்தனை நிதானமாக, அத்தனை உறுதியாக வேலை செய்தன. பிறகு கையில் ஒரு சின்ன விளக்கோடு அருகே குனிந்தான்.

“என் காதைப் பாருங்க.”

“என்னது?”

“காதை… நேரா என் காதைப் பாருங்க. அப்பத்தான் உங்க கண்ணு ஆடாம இருக்கும்.”

அவள் அவன் காதைப் பார்த்தாள். ஒரு சாதாரணக் காது. பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தக் காதின் நுனி மெல்ல மெல்லச் சிவந்துகொண்டு வந்தது… அவன் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான். அவளும்தான். வெளியே மழை கூரையைத் தட்டும் சத்தம் மட்டும்.

“முக்கால் பாயின்ட் குறை,” என்றான் அவன், விலகி நின்று. “பெரிசா ஒன்னும் இல்ல. புதன்கிழமை சாயங்காலம் ரெடியாயிடும்.”

அவள் தலையாட்டினாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் காத்திருந்தாள். அவன் முகத்தில் ஒரு நிழல் ஓடியது. “ஒரு விஷயம்…” என்று ஆரம்பித்து, “ஒன்னும் இல்ல, வகுப்புக்கு நேரமாச்சு,” என்று முடித்துவிட்டான்.

பைத்தியம்… இதிலும் பாதியிலேயே வெளியே வந்துவிட்டான்! அன்றைக்கு முழுக்க அவள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். அவன் சொல்ல வந்தது வேறு என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

*

புதன்கிழமை ஒரு நோயாளி வரவில்லை. மதியமே வேலை முடிந்துவிட்டது. சாயங்காலம்வரை பொறுக்க மனமில்லாமல் அவள் கண்ணாடிக் கடைக்குப் போனாள்.

கதவைத் தள்ளியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கல்லாவுக்கு முன்னால், புதுக் கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொண்டு, கையில் போனோடு… அப்பா. போன் திரையில் சிவப்பாக இறங்கும் கோடு. அவள் கண்ணுக்கே அது தெளிவாகத் தெரிந்தது.

“சொன்னாக் கேளுங்கய்யா,” என்று அவன் கெஞ்சிக்கொண்டிருந்தான். “இன்னிக்குச் சாயங்காலம் வட்டி விகிதத்தை மாத்தறாங்களான்னு அறிவிப்பு வருது. டாலர் இந்தப் பக்கமும் போகும், அந்தப் பக்கமும் போகும். அதுக்கு முன்னாடி வெளிய வந்துடுங்க.”

“போ தம்பி. டாலர் ஏறும். கொஞ்சம் பொறுத்தா…” என்ற அப்பா நிமிர்ந்தார். வாய் மூடவில்லை.

“அப்பா.”

அவர் போனைச் சட்டென்று கவிழ்த்துப் பிடித்தார்.

விஷயம் எளிதாகத்தான் வெளியே வந்தது. வீட்டில் போன் திரை மங்கலாகத் தெரிகிறது என்று அப்பா ஒரு கடைக்குக் கண்ணாடி வாங்கப் போயிருக்கிறார். அது இந்தக் கடை. “நூறடி உயரத்துலேர்ந்து பெட்டியோட மூலை தெரியும், கைக்குள்ள இருக்கிற நம்பர் தெரியல,” என்று சொன்னவர், எந்த நம்பர் என்றும் சொல்லிவிட்டார். ஓய்வுக்காலப் பணத்தை முன்பணமாகக் கட்டி, அதைப்போல் பத்து மடங்குக்கு டாலர் ஃப்யூச்சர்ஸ் வாங்கி வைத்திருந்தார். அன்றிலிருந்து டாலர் இறங்கு முகம்.

அவள் அவன் பக்கம் திரும்பினாள். “இவர் என் அப்பான்னு உங்களுக்குத் தெரியுமா?”

அவன் தலை குனிந்தது. “தெரியும். பொண்ணு முட்டி டாக்டர்னு சொன்னாரு. போன வாரம்.”

“அப்ப சனிக்கிழமை… என் கண்ணுக்குள்ள விளக்கடிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தீங்களே… அப்பவும் தெரியும்.”

“சொல்லலாம்னுதான்…”

“சொல்லலையே!” அவள் ஓரடி முன்னால் வந்தாள். “எங்க அப்பா பொய் சொல்லமாட்டார்னு நான் பெருமையடிச்சேன். அதுக்கப்புறம் தெரிஞ்சும் சும்மா இருந்தீங்கல்ல?”

“அம்மாடி, நான்தான் சொல்லாதேன்னு அவர்கிட்ட…” என்று அப்பா குறுக்கே வந்தார்.

“வாங்க வீட்டுக்கு.”

அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் தெருவில் இறங்கியபோது தூறல் ஆரம்பித்திருந்தது. பின்னாலேயே அவன் ஓடிவந்தான். “என் மேல கோவம் இருக்கட்டுங்க. ஆனா சந்தை மூடுறதுக்குள்ள அதை மட்டும் முடிச்சுடுங்க…”

“எங்க வீட்டு விஷயத்தை நாங்க பாத்துக்கறோம்.”

அவன் நனைந்துகொண்டு நின்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும்போல் இருந்தது என்பது வேறு விஷயம்.

*

சாப்பாட்டு மேஜையில் போனை நடுவில் வைத்துக்கொண்டு அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கட்டிய பணத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏற்கெனவே போயிருந்தது.

அவள் மனசு முதலில் சொன்னது என்ன தெரியுமா? பொறு. திரும்பும். இவ்வளவு வலியைப் பொறுத்துவிட்டு இப்போது விடுவதா?

“கொஞ்சம் பொறும்மா… திரும்பிடும்,” என்றார் அப்பா, அதே நேரத்தில்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் வாயில் வர வேண்டிய வார்த்தை அவர் வாயிலிருந்து, அதே இழுவையோடு வந்து விழுந்தது. இந்தப் பிடிவாதம் மருத்துவமனையில் கற்றது என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். இல்லை. இது இந்த மேஜையிலிருந்து வந்தது. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோதும் இப்படித்தான், சரியாகிவிடும், சரியாகிவிடும் என்று கடைசிவரை இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“அப்பா… ஏறினா சந்தோஷம். ஏறலைன்னா? மிச்சமும் போச்சுன்னா நாம என்ன பண்ணுவோம், சொல்லுங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கிரேனின் அவ்வளவு பெரிய இரும்புக் கையை மயிரிழை பிசகாமல் அசைத்த விரல், பொத்தானுக்கு மேலே போய்த் திரும்பி வந்தது.

“நீயே பண்ணிடு. எனக்குக் கை வரல.”

அவள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. பார்த்துக்கொண்டே, விற்கும் பொத்தானை அழுத்தினாள்.

சாயங்காலம் அறிவிப்பு வந்தது. டாலர் துள்ளி எழுந்தது. எழுந்தது எழுந்தபடி நின்றது. விட்டுவைத்திருந்தால் போனதெல்லாம் திரும்பி, மேலும் வந்திருக்கும்.

“பாத்தியா! நான் சொன்னேனா இல்லையா!” அப்பா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “அந்தக் கண்ணாடிக்காரன் பேச்சைக் கேட்டு… இனிமே அவன் பேரை இந்த வீட்டுல எடுக்காத!”

அவர் அறைக்கதவு சாத்திக்கொண்டது. அவள் மேஜையிலேயே உட்கார்ந்திருந்தாள். விநோதம்… அவளுக்கு வருத்தமே வரவில்லை. திரையில் ஒளிர்ந்த அந்த விலையைப் பார்த்தபோது மனசில் ஒன்றுதான் ஓடியது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒருத்தர் இருந்தார். அவரை நான் மழையில் நிற்கவைத்துவிட்டு வந்துவிட்டேன்.

*

அதன் பிறகு வீட்டில் பேச்சில்லை. சனிக்கிழமை காலையில்தான் அப்பா வாய் திறந்தார். தட்டில் இருந்ததை அளைந்துகொண்டே சொன்னார்.

“ராத்திரி தூங்கினேன்.”

“என்னப்பா?”

“ஒரு மாசமா சரியாத் தூங்கலை. போனைப் பாத்துப் பாத்து எந்திரிப்பேன். நேத்து அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்.” தட்டை ஒதுக்கி வைத்தார். “ஏறினதுக்கு நான் கெட்டிக்காரன் இல்லம்மா. அன்னிக்கு அது இறங்கியிருந்தா… உன் மூஞ்சியில எப்படி முழிச்சிருப்பேன்?”

அவள் எழுந்துபோய் அவர் தோளில் கை வைத்தாள்.

“இன்னொன்னும் இருக்கு,” என்றார் அவர், முகத்தைப் பார்க்காமல். “அந்தத் தம்பி சும்மா இருக்கலை. நான் போறப்பெல்லாம் திட்டும். ‘உங்க பொண்ணுகிட்ட நீங்களே சொல்லுங்க. உங்க வாயால சொன்னாத்தான் அவங்களுக்கு வலிக்காது. இந்த வாரத்துக்குள்ள சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன்’னு சொல்லிட்டான். நான்தான் இழுத்தடிச்சேன். நீ அவனைப் போட்டுத் திட்டினப்ப முழுசாச் சொல்லாம நான் வாயை மூடிக்கிட்டு வந்துட்டேன்… தப்பும்மா.”

அன்றைக்குச் சாயங்காலம் அவள்தான் வகுப்புக்கு முதல் ஆள். கடைசி வரிசையில் உட்கார்ந்து வாசலையே பார்த்தாள். நாற்காலிகள் ஒவ்வொன்றாக நிரம்பின. பக்கத்து நாற்காலி நிரம்பவில்லை.

“மேடம், என் பார்ட்னர்…”

டீலர் மேடம் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். “வகுப்பே வேணாம்னு சொல்லிட்டானே. இப்பத்தான் போன்ல. சரக்குக்காக இறங்கின விலைக்கு வாங்கி வெச்சிருந்த டாலரை, நடுவுல லேசா ஏறிக் கொஞ்சம் லாபம் தெரிஞ்சதும் அறிவிப்புக்கு முந்தின நாளே வித்துட்டானாம். இப்ப பில்லு எகிறிடுச்சு. ‘எனக்கே வழி தெரியல, இன்னொருத்தருக்குப் போய்ப் புத்தி சொன்னேன்’னு புலம்பல். ஏதோ பார்சலைத் திருப்பி அனுப்பணும்னு கீழதான்… ஏய், எங்கம்மா ஓடுற? இன்னிக்குப் பாடமே…”

படிக்கட்டில் இறங்கும்போதே மழைச் சத்தம் எதிரே வந்து அறைந்தது.

பார்சல் ஆபீசில் கூட்டம் நிரம்பியிருந்தது. கௌன்டரில் அவன். தராசின் மேல் பெரிய அட்டைப்பெட்டி. மறுபடியும் கூன் போட்டிருந்தான்.

“உள்ள என்ன?” என்று குமாஸ்தா கேட்டுக்கொண்டிருந்தார்.

“குழந்தைங்க கண்ணாடி. ஃப்ரேமும் லென்சும்.”

“உடையிற பொருளா?”

“உடையாதுன்னுதான் வாங்கினேன்…” என்று அவன் முனகினான்.

“ஏன் திருப்பி அனுப்பறீங்க?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவன் திரும்பினான். அவளைப் பார்த்ததும் முகம் முதலில் மலர்ந்தது. அப்புறம், அதற்குத் தனக்கு உரிமை இல்லை என்பதுபோல் சுருங்கியது.

“டாலர் ஏறிடுச்சுங்க. இந்த விலைக்கு இதை வெச்சுக்கிட்டா முதல் வருஷம் லாபமே நிக்காது. அதான்…” பெட்டியின் ஓரத்தைத் தடவினான். “உங்க அப்பாவுக்கும் என்னாலதான் நஷ்டம். நான் சொல்லாம இருந்திருந்தா, இந்நேரம் அவருக்கு…”

“பொத்தானை அழுத்தினது என் விரல். நீங்க இல்ல.”

“ஆனா…”

“எங்க அப்பா நேத்துத் தூங்கினார். ஒரு மாசத்துக்கு அப்புறம். அதுக்கு என்ன விலைன்னு எந்தத் திரையிலயும் போடமாட்டாங்க.” அவளுக்கு மூச்சு வாங்கியது. “அன்னிக்கு உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க. அப்பா எல்லாத்தையும் சொல்லிட்டார்.”

“மன்னிப்பெல்லாம் எதுக்குங்க…”

“நான் இன்னும் முடிக்கல. நடுவுல பேசாதீங்க, அப்புறம் எனக்குத் தைரியம் போயிடும்.” வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவள் கவனிக்கவில்லை. “லாபம் இல்லைன்னா முதல் வருஷம் இல்லாமப் போகட்டுமே? குழந்தைங்க முகத்தைப் பாக்கணும்னீங்களே, அது இருக்குல்ல? எது கையில வந்தாலும் போயிடுமோ போயிடுமோன்னு நீங்களே ஓடிடறீங்க. அந்த நாற்காலியையும் விட்டுட்டு ஓடி வந்துட்டீங்க. பக்கத்துல ஒருத்தி உக்காந்திருக்காளே, அவ என்ன ஆவான்னு…”

கண்ணில் நீர் முட்டியது.

“எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு,” என்றாள். “வலிக்குது. பொறுத்துக்கிட்டா சரியாயிடும்னு நினைச்சேன். சரியாகல.”

அவன் நெற்றியில் மழைத்துளி ஒன்று வழிந்து இமையில் தங்கியது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல், அவளைப் பார்த்தபடியே நின்றான். தொழில் பழக்கத்தோடு பார்க்கும் பார்வை இல்லை அது.

“அன்னிக்கு இருட்டறையில…” என்றான் மெல்ல, “விளக்கு என் கையில நடுங்கிச்சு. இத்தனை வருஷத்துல அப்படி நடுங்கினதே இல்லைங்க. உங்க அப்பா விஷயத்தைச் சொல்லணும்னு வாயெடுத்தேன். அதைச் சொன்னா நீங்க திரும்பி வரமாட்டீங்களோன்னு பயம். எனக்கும் உங்களை… ரொம்ப… முதல் நாள் அந்த எட்டைச் சொன்னீங்களே, அப்பலேர்ந்தே…”

“அப்பலேர்ந்தேவா? முதல்ல சொன்னதே கண்ணாடி போடுன்னுதானே!”

“வேற என்ன சொல்றதுன்னு தெரியலைங்க!”

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவளும் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

“வீட்டுல… உங்க அப்பா என்னை உள்ள விடுவாரா?”

“என் பேச்சைக் கேப்பார். இந்தத் தடவை நிஜமாவே கேப்பார். வந்து பாருங்களேன்…”

தராசுக்குப் பின்னால் குமாஸ்தா கனைத்தார். பொறுமை போய்விட்டது அவருக்கு.

“சார், பின்னால பத்துப் பேர் நிக்கறாங்க. பெட்டி போகுதா, நிக்குதா? ஒரு முடிவு சொல்லுங்க.”

அவன் அவளைப் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் பெட்டியைத் தராசிலிருந்து தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

“நிக்குதுங்க,” என்றான். “எங்கயும் போகல.”